மஞ்சி, செம்மண், எரு: தொட்டிக்கு எதை எவ்வளவு போடுவது?

திருப்பூரில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். கடையில் ரெடிமேட் கலவை வாங்கிப் பைகளில் நிரப்பித் தக்காளியும் ரோஜாவும் வைத்தாராம். ஒன்றரை மாதத்தில் தக்காளி வளர்ச்சி நின்றுவிட்டது, ரோஜாத் தளிர் மஞ்சளாக வருகிறது. மேலே தொட்டால் காய்ந்திருக்கிறது, பையைத் தூக்கினால் கனக்கிறது. செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றையும் சமமாகப் போடச் சொல்கிறார் ஒருவர், மண்ணே சேர்க்காதே என்கிறார் இன்னொருவர், இதில் எது சரியான விகிதம் என்பது கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில், போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன் என்றும் எழுதியிருக்கிறார்.

விகிதம் என்று கேட்டிருந்தாலும் உங்களை உண்மையில் வாட்டுவது இரண்டு விஷயம். பையின் அடி ஏன் ஈரமாகவே நிற்கிறது, தளிர் ஏன் வெளுக்கிறது. முதலாவதற்குப் பதில் கலவையில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பாதிப் பதில் நீங்கள் கடைசி வரியில் எழுதிய போர் தண்ணீரில் இருக்கிறது. நான் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவில் 19 வருடமாக நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன், தினமும் மண் கலக்குவதுதான் வேலை. அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன். உங்கள் செடியைக் கண்ணால் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துத்தான் கணிக்கிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. காட்டில், அதாவது வயலில், நல்ல மண்ணாக இருப்பது தொட்டியில் நல்ல மண்ணாக இருக்காது. காட்டில் மண்ணுக்கு ஆழம் இருக்கிறது, ஊற்றின தண்ணீரைக் கீழ் மண் இழுத்துக்கொண்டே போகும். தொட்டியில் ஒரு அடியோடு உலகம் முடிந்துவிடுகிறது. ஓட்டை எத்தனை போட்டாலும் அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தொங்கிக்கொண்டு நிற்கும். நம்பிக்கை இல்லையென்றால் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்து முழுக்க நனைத்து, படுக்கை வாக்கில் உள்ளங்கையில் வையுங்கள். சொட்டுவது நிற்கும் வரை பொறுங்கள். நின்றதும் அதே ஸ்பாஞ்சை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடியுங்கள், மறுபடி தண்ணீர் வடியும். ஸ்பாஞ்ச் அதேதான், ஓட்டையும் அதேதான், உயரம் மட்டும் மாறியிருக்கிறது. கலவை எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும், தொட்டி எவ்வளவு குட்டையோ அவ்வளவு பங்கு வேர் அந்த ஈரத்துக்குள் மாட்டிக்கொள்ளும்.

இதனால்தான் அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் வடியும் என்பது தவறு. பல வருடம் நானும் பரப்பிக்கொண்டுதான் இருந்தேன். பொடி மண்ணில் நிற்கிற தண்ணீர், அது முழுக்க நிரம்பி வழிகிற வரைக்கும் ஜல்லிக்குள் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே நின்றுகொள்ளும். அதாவது ஜல்லி போட்ட அளவுக்கு ஈரத் தளம் வேர் பக்கமாக மேலே ஏறிவிடுகிறது. ஓட்டை அடைக்காமல் இருக்க ஒரு ஓட்டுச் சில்லோ ஒரு துண்டு வலையோ வைத்தால் போதும்.

உங்கள் பையில் நடந்திருப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். போன கார்த்திகையில் ஒரு அம்மா இதே மாதிரி ஒரு தக்காளிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கவாட்டில் பிளேடால் கிழித்துத் திறந்தோம். மேல் நாலு அங்குலம் பொரிகடலை மாவு மாதிரி வறண்டிருந்தது, நடுவில் பரவாயில்லை, அடியில் கறுத்துக் களியாகச் சாக்கடை வாடை அடித்தது. வேரைப் பிடித்து இழுத்தால் மேல் தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சியது. அவரும் மேலே காய்ந்திருக்கிறதே என்று தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியவர்தான். இனி நீங்கள் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள், அதைவிட நல்லது பையைச் சாய்த்துக் கனம் பார்த்து ஊற்றுவது.

சரி, கலவைக்கு வருகிறேன். ஒவ்வொரு பொருளும் எதற்காக உள்ளே வருகிறது என்று தெரிந்தால் விகிதத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம். தண்ணீரைப் பிடித்துவைக்க ஒன்று வேண்டும், காற்றுக்கு வழிவிட ஒன்று, தீனி கொடுக்க ஒன்று, செடியை ஆடாமல் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் கனம். சமமாக மூன்று என்கிற விகிதத்தில் காற்றுக்கு வழிவிடுகிற பொருள் என்று ஒன்றுமே இல்லை, கவனித்துப் பாருங்கள். மூன்றுமே பொடி. முதல் மாதம் உப்பிக்கொண்டு அழகாக இருக்கும். மூன்றாவது மாதத்தில் மண்புழு உரம் கரைந்து, செம்மண் அதன் இடைவெளியில் இறங்கி, பை கால்வாசி வற்றி இறுகிவிடும்.

தண்ணீர் பிடிக்க நம் பக்கத்தில் மஞ்சித் தூளை விட மலிவான பொருள் கிடையாது. கோகோபீட் என்று கட்டியாக அழுத்தி விற்கிறார்களே, அது இதுதான். 5 கிலோ கட்டி ஊறினால் 65 முதல் 75 லிட்டர் வரை விரியும். ஆனால் இதில்தான் மோசம் போகிறவர்கள் அதிகம். தேங்காய் மட்டையிலேயே சோடியம், பொட்டாசியம் உப்பு இருக்கிறது, மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தால் இன்னும் ஏறும். மலிவாகக் கிடைக்கிற கட்டியைக் கழுவாமல் போட்டால் விதை முளைக்காது, முளைத்தாலும் இலை ஓரம் கருகும். நான் செய்வது இதுதான்: பெரிய டிரம்மில் ஊறவைத்து, பழைய கொசுவலையில் கட்டி வடித்து, மூன்று தடவை தண்ணீர் மாற்றுவேன். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வரும், மூன்றாவது இளந்தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், அது துவர்ப்புச் சாயம், உப்புக்கு நிறம் கிடையாது. ஆர்.ஓ. மெஷின் சர்வீஸுக்கு வருகிறவர் கையில் வைத்திருப்பாரே, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர், அது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கழுவ ஊற்றிய தண்ணீர் எவ்வளவு காட்டுகிறது, கடைசியாக வடிந்தது எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். இரண்டும் நெருங்கி வந்தால் போதும், இரண்டு மடங்கு இருந்தால் இன்னும் ஒரு தடவை கழுவுங்கள். போர் தண்ணீரே உப்பாக இருந்தால் கடைசிக் கழுவலுக்கு மட்டுமாவது ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ வேண்டும். கழுவியதும் 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து ஒரு நாள் ஊறவிட்டு வடிப்பேன். மஞ்சி பிடித்துவைத்திருக்கிற சோடியத்தைக் கால்சியம் தள்ளிவிடும். நாற்றுக்கும் தக்காளிக்கும் இதில் வித்தியாசம் தெரிகிறது, கீரைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

பச்சை மஞ்சித் தூளை மில்லில் இருந்து மூட்டையாக அள்ளிவந்து அப்படியே போடாதீர்கள். அதில் கரிச்சத்து (கார்பன்) அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. நுண்ணுயிர்கள் அதை மட்கவைக்க மண்ணில் இருக்கிற தழைச்சத்தை எல்லாம் எடுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு முறை சொல்லியிருக்கிறது. ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காயாமல் வைத்தால் சுமார் 60 நாளில் மட்கிவிடும். 112க்கு 1 என்று இருந்த கரி, தழைச்சத்து விகிதம் 24க்கு 1 என்ற அளவுக்கு இறங்கும். மாடித்தோட்டத்துக்கு ஒரு டன் யாருக்கும் வேண்டாம், ஆனால் தெருவில் நாலு பேர் சேர்ந்து செய்யலாம்.

அடுத்தது காற்றுக்கு வழி, இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பெர்லைட் என்கிற, பொரித்த எரிமலைக் கல் நல்ல பொருள்தான், ஆனால் விலை, அதோடு நாளாவட்டத்தில் மேலே மிதந்து வந்து ஆடிக் காற்றில் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். நான் பயன்படுத்துவது உமிக்கரி, செங்கல் சில்லு, கடலைத் தோல், இந்த மூன்றும்தான். உமிக்கரி என்றால் முழு உமி வடிவம் கெடாமல் கறுப்பாகக் கருகியது. காங்கேயம் பக்கத்து அரிசி ஆலைகளில் பாய்லரில் இருந்து வருகிற வெள்ளைச் சாம்பலைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது பொடியாகவும் இருக்கும், காரத்தையும் ஏற்றும். செங்கல் சில்லு சூளையில் கழித்துப்போட்டதாக இருக்கட்டும், இடித்த வீட்டுச் செங்கலில் சிமெண்டும் சுண்ணாம்பும் ஒட்டியிருக்கும். உடைத்துச் சலித்து, மாவை வீசிவிட்டு, பட்டாணி அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எம் சாண்டும் அப்படித்தான், சலித்து மேலே நிற்கிற குருணை மட்டும் உபயோகப்படும். கீழே விழுகிற பாறைமாவு ஓட்டையை அடைக்கத்தான் உதவும்.

மண் வேண்டுமா வேண்டாமா என்றால், என் அபிப்பிராயத்தில் கொஞ்சம் வேண்டும். முழுக்க மஞ்சியில் வளர்த்தால் வாரம் தவறாமல் உரத் தண்ணீர் கொடுத்தாக வேண்டும், அப்படிக் கொடுப்பவருக்கு மண் தேவையில்லை. நம்மைப் போல் ஊருக்குப் போனால் மூன்று நாள் மறந்துவிடுகிறவர்களுக்குச் செம்மண் ஒரு பிடிமானம், சத்தைப் பிடித்துவைக்கும், ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பை உருண்டு போகாமலும் இருக்கும். ஆனால் முக்கால்வாசி மண் போட்டால் 12க்கு 12 பை, அதாவது ஏறக்குறைய 20 லிட்டர், நனைந்தால் 30 கிலோவைத் தாண்டும். மஞ்சிக் கலவை அதில் பாதிதான். பழைய மாடியாக இருந்தால் அதையும் யோசியுங்கள். பல்லடம், சூலூர்ப் பக்கத்துக் கரிசலைத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள், காய்ந்தால் பாளம், நனைந்தால் களி. செம்மண்ணிலும் சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல், கலந்தது நிறைய வருகிறது. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு ஸ்பூன் காய்ந்த மண்ணைத் தட்டில் வைத்து, அதன்மேல் நாலு சொட்டு வினிகர் விட்டுக் காதருகே பிடியுங்கள். சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்பு மண், ரோஜாவுக்கும் இட்லிப்பூவுக்கும் மல்லிகைக்கும் அது ஆகாது. வெளிநாட்டுக்காரர்கள் கலவையில் சுண்ணாம்பு சேர்க்கச் சொல்வதைப் பார்த்து இங்கே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போடுவது புளிப்பான பீட் பாசி, அதற்குச் சுண்ணாம்பு தேவை. நம் மண்ணும் தண்ணீரும் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன.

தீனிக்கு நன்றாக மட்கிய தொழு எரு போதும், மண்புழு உரம் கிடைத்தால் நல்லது, ஆட்டுப் புழுக்கை இன்னும் நல்லது ஆனால் இடித்து ஆறு மாதமாவது மட்கவைத்தது. மட்கியதா என்று பார்க்க மூட்டைக்குள் மணிக்கட்டு வரை கையை விடுங்கள். கதகதப்பு தெரிந்தால் உள்ளே இன்னும் வேகிறது, திருப்பி வைத்துவிடுங்கள். கை வெளியே வந்ததும் முகர்ந்தால் முதல் மழை வாடை வர வேண்டும். அமோனியா மூக்கைக் குத்தினாலும் புளித்த வாடை வந்தாலும் ஆகாது. கோழி எருவில் எனக்கு ஒரு பெரிய நஷ்டம். நாமக்கல் பக்கமிருந்து ஒரு பண்ணை எருவை, மட்கிவிட்டது என்று சொன்னதை நம்பி, மிளகாய் நாற்றுக் கலவையில் பத்தில் ஒரு பங்கு சேர்த்தேன். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் முன்னூறு பைக்கும் இலை ஓரம் வெந்நீர் ஊற்றினது போல வெந்து கிடந்தது. அன்றிலிருந்து ஒரு வருடம் மட்காத கோழி எரு என் பண்ணைக்குள் வருவதில்லை. கட்டுத்தரைச் சாணியைப் பச்சையாகப் போட்டால் வெள்ளைப் புழுவும் கூடவே வரும், சலித்துப் போடுங்கள்.

இப்போது அளவு. எல்லாம் சட்டிக் கணக்கு, எடைக் கணக்கு இல்லை. காய்கறிக்குக் கழுவிய மஞ்சி நாலு சட்டி, எரு மூன்று, சலித்த செம்மண் ஒன்றரை, உமிக்கரியும் செங்கல் சில்லும் சேர்ந்து இரண்டு. 20 லிட்டர் பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கலந்து ஈரப்படுத்தி ஒரு வாரம் சாக்கு மூடி நிழலில் வைத்துவிட்டு நடவு செய்யுங்கள், புண்ணாக்கு முதலில் சூடு கிளப்பும். ரோஜாவுக்கு மஞ்சியை இரண்டாகக் குறைத்து மண்ணை மூன்றாக்குங்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை மாதிரி வருடக்கணக்கில் இருப்பவற்றுக்கு மட்கிப் போகிற பொருள் குறைவாகவும் மட்காத மண்ணும் சில்லும் கூடுதலாகவும் வேண்டும், இல்லையென்றால் இரண்டு வருடத்தில் பாதித் தொட்டி காலியாகிவிடும். பாலைவன ரோஜா என்கிற அடீனியத்துக்கு முக்கால் பங்கு சில்லுதான். பிடித்துப் பாருங்கள்: கலவையை நனைத்துக் கையில் இறுக்கினால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், தண்ணீர் இரண்டு சொட்டுக்கு மேல் ஒழுகக் கூடாது. இந்த அளவுகள் என் தண்ணீருக்கும் என் காற்றுக்கும் அமைந்தவை. திருப்பூர் மாடி வெயிலில் மஞ்சியை அரைச் சட்டி கூட்டவேண்டி வரலாம், ஐப்பசி மழையில் அதையே குறைக்கவேண்டியும் வரலாம்.

ரெடிமேட் கலவையே வேண்டுமென்றால் கடையில் மூட்டையைத் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனத்தால் மண்ணும் தண்ணீரும் விற்கிறார்கள், பஞ்சு மாதிரி லேசாக இருந்தால் வெறும் மஞ்சி. பையின் மேல் கார அமில அளவும் உப்பு அளவும் அச்சிட்டிருப்பவர்களை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன். எதுவானாலும் ஒரு பாத்திரத்தில் கொஞ்சம் எடுத்துப் பத்துப் பச்சைப்பயறு ஊன்றுங்கள். நாலைந்து நாளில் எட்டு பயறாவது நிமிர்ந்து வரவேண்டும், பத்தாம் நாள் இலை ஓரம் கருகாமல் இருக்கவேண்டும். வராவிட்டால் கலவையைக் கழுவுங்கள், அல்லது திருப்பிக் கொடுங்கள்.

இனி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவை. டிரைகோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சை வேரழுகலைத் தடுக்கும் என்பது நிரூபணமானதுதான், நானும் எருவில் கலந்து வைத்துத்தான் பயன்படுத்துகிறேன், ஆனால் வெயிலில் கிடந்த பாக்கெட்டில் உயிர் இருக்குமா என்பது வேறு விஷயம், தேதி பார்த்து வாங்குங்கள். பஞ்சகவ்யம் தெளிக்கிறேன், செடி தெளிவாகத்தான் தெரிகிறது, ஆனால் அதைத் தெளிக்கிற நாளில் நான் செடியை நன்றாகக் கவனிக்கவும் செய்கிறேன், எது காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. முட்டை ஓடு நம் சுண்ணாம்புத் தண்ணீரில் லேசில் கரையாது, அதில் பெரிய பலன் எதையும் நான் பார்க்கவில்லை. பெரிய வியாபாரப் பசுமைக்குடில் வேலை எனக்குப் பழக்கமில்லை, அதைப் பற்றி நான் சொல்வது சரியாக இருக்காது.

கடைசியாக உங்கள் ரோஜா. மஞ்சளாவது அடி இலையா தளிரா என்பதுதான் அடையாளம். அடி இலை முழுக்க வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. நீங்கள் எழுதியது இரண்டாவது மாதிரி இருக்கிறது. போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு மாதக்கணக்கில் தொட்டியில் சேர்ந்து காரம் ஏறினால், மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காது. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள். உடனடிக்கு லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள், பத்துப் பதினைந்து நாள் விட்டு மறுபடி. மண்ணில் ஊற்றுவதானால், ஈடிடிஏ என்று போட்டு வருகிற சாதாரண இரும்பு உரம் காரத்தில் நிற்காது, ஈடிடிஎச்ஏ என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒரு தடவை தொட்டிக் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு தண்ணீர், குழாய் ஆற்றுத் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ, மெதுவாக ஊற்றி அடியில் ஓடவிடுங்கள், சேர்ந்த உப்பு இறங்கும். அடி அழுகியிருந்தால் இதைக் கலவை மாற்றிய பிறகு செய்யுங்கள். மாற்றும்போது நர்சரியில் இருந்து வந்த களிமண் உருண்டை வேரைச் சுற்றி அப்படியே இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வெளிப்பக்கக் களியை விரலால் கரைத்துவிட்டு நடுங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கலவை போட்டாலும் வேர் அந்த உருண்டையை விட்டு வெளியே வராது.

தக்காளியைக் காப்பாற்ற முயற்சி செய்யவேண்டாம், பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்தக் கலவையில் தக்காளி, கத்தரி, மிளகாய் மறுபடி வைக்காதீர்கள். முடிச்சு இல்லையென்றால் கலவையைக் கொட்டிச் சலித்து, ஈரப்படுத்தி, கண்ணாடி பாலிதீன் மூடி நல்ல வெயிலில் ஒரு மாதம் வையுங்கள், சித்திரை வெயில் இதற்கு ரொம்ப நல்லது. பிறகு மூன்றில் ஒரு பங்கு புது எருவும் ஒரு சட்டி செங்கல் சில்லும் சேர்த்தால் அதையே மறுபடி உபயோகிக்கலாம்.